வாப்பா நடந்த வழியில் உம்மாவோடு இரண்டு நாட்கள்

என் வாப்பா ஒரு புடவை வியாபாரி. கடை வைத்து நடத்தியவரல்ல. கலஹா பஸாரில் ஒரு சிறு அறையெடுத்துத் தங்கி, சீத்தைத் துணியும் சாரமும் சேலையும் கட்டிய மூட்டையைத் தோளில் சுமந்து, தோட்டம் தோட்டமாக நடந்து விற்றவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அக்குறணைக்கு வருவார், சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டுவிடுவார். இருபது வருடங்களுக்கு மேலாக இதுதான் எங்கள் வீட்டின் வழக்கம். நான் பன்னிரண்டு வயதில் அரபுக் கல்லூரிக்குப் போய்விட்டேன். ஆகவே அந்த மலைகளில் வாப்பாவோடு ஒரு நாளாவது நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

2019இல் வாப்பா வபாத்தானார்கள். நான்கு வருடங்கள் கழித்து ஒருநாள் உம்மா கேட்டார்கள்: "மகன், உங்கட வாப்பா நடந்த வழிய எனக்கு ஒருக்கா காட்டுவீங்களா?" வேனில் கூட்டிப் போகிறேன் என்றேன். "வேன்ல போறதுக்கு என்னத்துக்கு? அவர் வேன்லயா போனாரு?" என்றார்கள்.

உம்மாவுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. சீனி வருத்தம் உண்டு, வலது முழங்காலில் வலியும் உண்டு. என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தபோதுதான், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பீக்கோ நடைபாதை பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பாதைகளை இணைத்து அமைத்த நடைவழி அது. கண்டி ஹந்தானையில் ஆரம்பித்து, ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல பக்கமெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம், 22 கட்டங்கள். அதன் இரண்டாம் கட்டம் கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்குப் போகிறது. வாப்பாவின் வியாபாரப் பகுதியும் அதுவேதான்!

மற்றவர்கள் ஒரே நாளில் நடக்கும் அந்தக் கட்டத்தை நாங்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். நடுவில் தெல்தோட்டைக்கு இறங்கி உறவினர் வீட்டில் இரவு தங்குவதென்று முடிவு செய்தோம். இரண்டு மாதங்கள் முன்பிருந்தே ஸுபஹுக்குப் பிறகு உம்மாவை ஒழுங்கைகளில் நடக்கவைத்தேன். முதலில் கால் மணித்தியாலம், பிறகு ஒரு மணித்தியாலம். வாழ்நாள் முழுதும் செருப்போடு நடந்த காலுக்கு ஒரு கன்வஸ் சப்பாத்து வாங்கி, அதையும் போட்டுப் பழக்கினோம். இறக்கத்தில் கால் முன்னால் தள்ளும், விரல் நுனி சப்பாத்தில் இடிக்கும். அதனால் சற்றுப் பெரிய அளவாக எடுத்தோம். கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு, நடக்கும் நாளில் குளிசையை எப்படிப் போடுவதென்று எழுதி வாங்கினோம். என் மனைவி ரொட்டியும் கட்டச் சம்பலும், அவித்த முட்டையும், கித்துள் கருப்பட்டியும், அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலமும் கட்டித் தந்தாள்.

2024 பெப்ரவரி மாதம், மழையில்லாத ஒரு காலை. கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். வளைந்து வளைந்து போகும் மண் பாதை. இருபுறமும் தேயிலை. நான் முன்னே, உம்மா பின்னே. நான் விட்ட முதல் பிழை அதுதான். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு நின்று திரும்பிப் பார்ப்பேன். உம்மா வந்து சேர்ந்ததும் உடனே நான் நடக்கத் தொடங்குவேன். களைப்பாறுவது நான், மூச்சு வாங்குவது உம்மா! மூன்றாம் முறை உம்மா கேட்டார்கள்: "என்னத்துக்கு மகன் இவ்வளவு அவசரம்? பஸ்ஸா போகப் போகுது?" வகுப்பில் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். வெட்கமாகிவிட்டது.

பதினொரு மணிக்கு மேல் உம்மாவின் பேச்சு குறைந்தது. முகம் வெளிறி, நெற்றி வியர்த்து, கை இலேசாக நடுங்கியது. உட்காரவைத்து, கொண்டுவந்த சீனியில் மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் உம்மாவின் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது. ரொட்டியும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"ஏன் உம்மா குடிக்கல்ல?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன். பதிலில்லை. பிறகு வேறு பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்கள்: "குடிச்சா ஒதுங்கணும். இங்க எங்க போறது? மகனிட்ட எப்பிடிச் சொல்றது?"

வழி, வானிலை, மருந்து எல்லாவற்றையும் யோசித்தவன் இதை மட்டும் யோசிக்கவில்லை. ஒரு பெண் கேட்க வெட்கப்படுவாள் என்பது ஆண்பிள்ளையான எனக்குத் தோன்றவேயில்லை. அந்த வெட்கத்தால் அன்று என் உம்மாவை நான் இழந்திருக்கவும் கூடும்.

சற்றுத் தூரத்தில் லயன் வீடுகள் தெரிந்தன. நடுக்கம் அடங்கியதும் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்தார். எதுவும் கேட்காமலே உம்மாவின் கையைப் பிடித்து, "வாங்கம்மா உள்ள" என்று அழைத்துப் போனார். நான் வெளியிலேயே நின்றேன். அரை மணித்தியாலம் கழித்து உம்மா முகம் கழுவி, ரொட்டியும் சாப்பிட்டு, பிளேன்டி குடித்து, சிரித்தபடி வந்தார்கள்.

புறப்படும்போது உம்மா கேட்டார்கள்: "முந்தி இந்தப் பக்கம் ஒரு புடவைக்கார நானா வருவாரா?" அந்த அம்மா யோசித்தார். "மூணு நாலு பேரு வருவாங்கம்மா. ஒருத்தரு சம்பளம் போட்ட அன்னைக்கி வரமாட்டாரு. அன்னைக்கி கடன் கேட்டா வீட்டுல சண்டை வரும்னு ரெண்டு நாளு கழிச்சித்தான் வருவாரு." அது வாப்பாதானா என்று எனக்குத் தெரியாது. உம்மாவும் கேட்டு உறுதிப்படுத்த முயலவில்லை. ஆனால் வாப்பா சம்பள வாரத்தில் பணமில்லாமல் வீட்டுக்கு வந்ததற்காக உம்மா சண்டை போட்டது எனக்கு ஞாபகமிருக்கிறது. உம்மாவுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

பிறகு உம்மாவை முன்னே நடக்கவிட்டேன். அவர்கள் நின்றால் நானும் நிற்பேன், நடந்தால் நானும் நடப்பேன். வீடுகள் தெரியும் இடத்திலெல்லாம் "ஒதுங்கணுமா உம்மா?" என்று நானே கேட்டுவிடுவேன். இரண்டு முறை கேட்டபின் அந்த வெட்கம் எங்கள் இருவருக்கும் போய்விட்டது. ஓடையொன்றில் வுழூச் செய்து, கல்லொன்றில் அமர்ந்து உம்மா லுஹர் தொழுதார்கள். மாலையில் தெல்தோட்டைக்கு இறங்கும்போதுதான் முழங்கால் வலித்தது. ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும், இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுதும் முழங்காலில் இறங்கும். கைத்தடியை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் அடி வைத்து, மெல்ல மெல்ல இறங்கினோம்.

மறுநாள் லூல்கந்துர. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட தோட்டம் இது. இலங்கையில் வியாபாரத்துக்காகத் தேயிலை வளர்த்த முதல் தோட்டமும் இதுதான். இரண்டு வருடங்களில் கோப்பிச் செடியில் நோய் விழ, காலப்போக்கில் நாடே தேயிலைக்கு மாறியது. அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்த கல் ஆசனம் இன்றும் மேலே இருக்கிறது. ஆனால் அந்த மலைகளைக் காடு வெட்டிச் சீராக்கியவர்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். அவர்களை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனியும் நடந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் வாப்பா துணி விற்றார்.

கல் ஆசனம் வரை ஏற உம்மா விரும்பவில்லை. "அது துரைமார் பார்த்த இடம். எனக்கு இது போதும்" என்று கீழேயே ஒரு திட்டில் அமர்ந்து, நாங்கள் வந்த மலைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். "இவ்வளவு ஏத்தம் எண்டு அவர் ஒரு நாளும் சொல்லல்லயே மகன்" என்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கருப்பட்டித் துண்டொன்றை உடைத்து எனக்கு முதலில் நீட்டினார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு உம்மாவோ மூத்தும்மாவோ எங்காவது போக வேண்டுமென்று சொல்லக்கூடும். வயதாகிவிட்டது என்று உடனே மறுத்துவிடாதீர்கள். டொக்டரிடம் கேளுங்கள், முன்கூட்டியே நடந்து பழக்குங்கள், தூரத்தைப் பாதியாக்குங்கள், அவர்களை முன்னே விடுங்கள். கூடப் போகும் ஆண்பிள்ளைக்கு, உம்மா வாய் திறந்து கேட்கமாட்டார் என்பதையும், அவனே கேட்க வேண்டுமென்பதையும் நீங்கள் முன்பே சொல்லி அனுப்புங்கள். எனக்கு அதைச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை.

உம்மா இப்போது அடுத்த கட்டம் எங்கே போகிறதென்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், போவோம்.