ஐந்து பாகை

தந்தையார் விட்டுச் சென்ற டிரக்கை என்ன செய்வது என்பதில், 2018-ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் இரு கருத்துகள் நிலவின. மஹிந்திரா நிறுவனம் 1965-இல் அறிமுகப்படுத்திய எஃப்.சி. 150 வகைப் பெட்ரோல் வண்டி அது. கிணத்துக்கடவுத் தோப்பிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேங்காய் சுமந்தே அதன் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. அப்பா மறைந்த சில மாதங்களில் அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று. சுமையேற்றினால் இழுக்காது, வேகமெடுக்கையில் மிஸ் அடிக்கும், சில வேளைகளில் புகைக்குழாயில் வெடிச்சத்தம் கேட்கும்.

டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்திவிடலாம் என்றார் அண்ணன். கொங்கு நாட்டுப் பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றிற்கு நேர்ந்த கதிதான். எரிபொருள் செலவை எண்ணினால் அவர் சொன்னதில் தவறில்லை. “அதுக்கு மனசில்லீன்னா உக்கடத்துல எடைக்குப் போட்டுரு” என்பது அவருடைய அடுத்த யோசனை. அப்பா ஓட்டிய எஞ்சினுடனேயே வண்டி இருக்கவேண்டும் என்பது என் ஆசை. ஆசை மட்டும் சுமை இழுக்காதே!

இரண்டு பட்டறைகளில் பாயிண்ட், கண்டென்சர், பிளக், காயில் அனைத்தையும் மாற்றினார்கள். மாற்றிய வாரம் ஓடும். பிறகு பழைய கதை. மூன்றாவதாக, சிங்காநல்லூரில் எழுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக்கிடம் சென்றோம். அவர் எஞ்சினை ஓட்டிக்கூடக் கேட்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டாரை எடுத்துவிட்டு, “இதைப் புடிச்சு ஆட்டிப் பாரு கண்ணு” என்றார். தண்டின் நுனி என் விரல்களுக்கிடையே பக்கவாட்டில் அசைந்தது.

நோய் அங்கேதான் இருந்தது. சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்து, 1910-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் இடம்பெற்ற அமைப்பின் வழிவந்ததே இந்த டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சின் இருமுறை சுழல, இதன் தண்டு ஒருமுறை சுழலும். தண்டிலுள்ள நான்கு முகடுகள் பாயிண்டைத் திறக்கும். ஒவ்வொரு திறப்பிலும் காயிலின் மின்னோட்டம் அறுபட்டு, ஒரு பிளக்கில் தீப்பொறி பிறக்கும். நிமிடத்திற்கு 2,000 சுற்று ஓடினால் 4,000 பொறிகள்! பாயிண்டின் இடைவெளியோ அரை மில்லிமீட்டர்தான். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் அந்த இடைவெளி முகட்டுக்கு முகடு மாறும். ஒரு சிலிண்டரில் பொறி முந்தும், மற்றொன்றில் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பாகை பிசகினால் எஞ்சினில் அது இரண்டு பாகை. ஆடுகின்ற தண்டின்மேல் எத்தனை புதுப் பாயிண்ட் வைத்தென்ன?

கோவையில் புஷ் கடைந்து தர லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேகத்திற்கேற்பப் பொறியை முந்தச் செய்யும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் கூடத் தளர்ந்திருந்தன. முழுவதையும் மாற்றுவதே மேல் என்றார் பெரியவர். பழைய உதிரிபாகக் கடையொன்றில், பெட்டி பிரிக்காத ஒன்று எங்கள் நல்ல காலத்திற்குக் கிடைத்தது.

முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையை என் கட்டைவிரலால் மூடச் சொன்னார். எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினார். காற்று விரலை நெட்டித் தள்ளியது. புல்லியின் குறி, பிஸ்டன் உச்சியை அடையும் இரு வேளைகளிலும் நேருக்கு வரும். அவற்றுள் எது அழுத்த வேளை என்பதை விரல்தான் சொல்லும். உச்சிக்கு 5 பாகை முன்பாக நிறுத்தினார். வாயு எரிந்து முடியச் சிறிது நேரம் வேண்டுமாகையால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழவேண்டும். புதியதை இறக்கினார், அடித்தண்டின் நாக்கு மையம் விலகியிருப்பதால் ஒரே ஒரு வகையில்தான் அது உட்காரும். பிறகு பாயிண்டில் ஒரு சிறு பல்பை இணைத்து, உடலை ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராக மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பல்பு எரிந்த கணத்தில் திருகை இறுக்கினார். பிளக் ஒயர்களை 1, 3, 4, 2 என்ற வரிசையில் செருகினார்.

காதை மட்டும் நம்பி டைமிங் வைப்பவர்களை நான் நம்புவதில்லை. நின்ற இடத்தில் எஞ்சின் இனிமையாக ஒலிக்கட்டும் என்று பொறியை மிகவும் முந்த விட்டுவிடுகிறார்கள். சுமையேறியதும் பிஸ்டன்தான் அடிவாங்குகிறது. இவரோ குறியிலிருந்து தொடங்கினார். காது அதற்குப் பின்புதான்.

மறுநாள் தேங்காய் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிச் சாலையில் புறப்பட்டோம். 1920-இல் ஜி.டி. நாயுடு தம் முதல் பேருந்தை விட்டது பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையில்தான். பெட்ரோல் எஞ்சினின் ஒலி இப்பக்கத்துச் சாலைகளுக்குப் புதிதன்று. ஏற்றத்தில், டாப் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொன்னார். கூழாங்கல் குலுங்குவதுபோல் ஒரு மெல்லிய தட்டல் கேட்டது. ஓரமாக நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே பின்னுக்குத் திருப்பினார். மறுமுறை அந்த ஒலி இல்லை. வண்டி இழுத்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த அண்ணன், டீசல் எஞ்சினைப் பற்றிப் பொள்ளாச்சி வரையில் வாய் திறக்கவில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் பாயிண்ட் இடைவெளியை மறுபடி அளக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினார் பெரியவர். முகட்டில் உரசும் பாயிண்டின் குதிகால் புதிதில் சற்றுத் தேயுமாம். தேய்ந்தால் இடைவெளி குறையும், பொறி பிந்தும். பீலர் கேஜ் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்தவர் அண்ணன்தான்.