லே நகரில் குடித்தனம்

திருநெல்வேலிச் சீமையில் ‘லே’ என்பது ஊரின் பெயரன்று. தன்னைவிட இளையவனையோ, தோளில் கை போட்டுப் பழகும் தோழனையோ கூப்பிடும் சொல். எனக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று, “எந்த ஊருக்கு?” என்று என் மாமனார் கேட்டார். “லே!” என்றேன். அவர் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு மரியாதை மறந்துவிட்டதோ என்று எண்ணினாரோ என்னவோ!

லே, பாரத தேசத்தின் வடகோடியில் லடாக் பிரதேசத்தின் முக்கிய நகரம். 2019-ஆம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி முதல் லடாக் தனி யூனியன் பிரதேசமாக இருந்து வருகிறது. ஊரின் உயரம் சுமார் 11,500 அடி. நம் தொட்டபெட்டாச் சிகரத்தின் உச்சியில் நின்றுகொண்டு, அதற்கு மேல் இன்னும் ஏறக்குறைய 3,000 அடி ஏறினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில் ஜனங்கள் கடை வைத்து, பள்ளிக்கூடம் வைத்து, கல்யாணம் கார்த்திகை நடத்தி வாழ்கிறார்கள்.

உத்தியோகஸ்தன் எங்கே அனுப்பினாலும் போக வேண்டியவன். அதில் யோசனைக்கு இடமில்லை. ஆனால் குழந்தைகள்? பையனுக்கு அப்போது வயது ஏழு, பெண்ணுக்கு மூன்று. இரண்டையும் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போவதே புத்திசாலித்தனம் என்பது பந்துக்களின் ஏகமனதான தீர்மானம். வடக்கே மாற்றலாகிப் போகும் தென்னாட்டார் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். குழந்தைகளின் தாயார் மட்டும் அந்தத் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. நாலு பேரும் புறப்பட்டோம்.

ஊரில் எல்லோரும் பயந்தது குளிருக்கு. கம்பளி விற்கிற கடைக்காரருக்கு எங்களால் நல்ல லாபம். ஆனால் சிறு குழந்தைகளோடு லேக்குப் போகிறவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றியல்ல, காற்றைப் பற்றி. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயுவும் அந்தக் கணக்கே. டில்லியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லேயில் இறக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு அது வைகுண்டப் பிரயாணம்; உடம்புக்கோ அது பெரிய அதிர்ச்சி. போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாட்கள் ஓடக் கூடாது, மாடி ஏறக் கூடாது, படுத்திருப்பதே உத்தமம் என்கிறார்கள் வைத்தியர்கள். ஏழு வயதுப் பையனை இரண்டு நாள் படுக்க வைப்பதற்கு எந்த வைத்திய சாஸ்திரத்திலும் மருந்து சொல்லியிருப்பதாகத் தெரியவில்லை.

அவனாவது, “தலை வலிக்கிறது” என்று வாய் திறந்து சொன்னான். அரைகுறையாகப் பேசும் குழந்தைக்கு அது தெரியாது. சாப்பாடு வேண்டாம் என்று தள்ளும், தூங்காது, காரணமில்லாமல் சிணுங்கும். பெற்றவர்கள் பிரயாண அலுப்பு என்று நினைத்துத் தட்டிக்கொடுப்பார்கள். உயரத்து நோயின் அடையாளங்கள் சிறு குழந்தைகளிடம் இவைதாம். இரண்டாம் நாள் இரவு எங்கள் பெண் இப்படித்தான் இருந்தாள். வீட்டுக்கார அம்மாள் வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தன் மகனை அழைத்து வண்டியை எடுக்கச் சொன்னாள். மருத்துவமனையில் விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டிப் பார்த்து, பிராணவாயு கொடுத்து, விடிகிற வரையில் வைத்துக்கொண்டார்கள். அந்த இரவில் என் மாமனார் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக என் காதில் ஒலித்தது. காலையில் பெண் எழுந்து உட்கார்ந்து பிஸ்கோத்துக் கேட்டாள். குணமாகாமல் இருந்திருந்தால் தாமதிக்காமல் கீழே இறக்கிக்கொண்டு போவதே சிகிச்சை என்று வைத்தியர் சொன்னார்.

அவகாசம் உள்ளவர்கள் ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாகப் போவது குழந்தைகளுக்கு நல்லது. சுமார் 260 மைல். நடுவில் 8,800 அடி உயரத்திலுள்ள கார்கிலில் ஓர் இரவு தங்கலாம். மணாலிச் சாலையோ 17,000 அடிக்கு மேற்பட்ட கணவாயைத் தாண்டிப் போகிறது; வழியில் பலரும் இரவு தங்கும் சர்ச்சு என்னும் இடமே 14,000 அடி. குழந்தைகளோடு அந்த வழி வேண்டாம்.

ஸ்ரீநகர்ச் சாலையிலுள்ள ஸோஜிலா கணவாயை, முதல் விடுமுறையில் திரும்பும்போது நாங்கள் கடந்தோம். 1948-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், பனி பெய்துகொண்டிருக்கையில், ஜெனரல் திம்மய்யாவின் சேனை டாங்கிகளை இந்தக் கணவாயின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து பகைவரைத் திகைக்கச் செய்தது. கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கி போகும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் ‘மதராஸ் ஸாப்பர்கள்’ எனப்படும் நம் தென்னாட்டுப் படையினர். அதே வருஷம் மே 24-ந் தேதி லேயில் முதல் விமானம் இறங்கியது. அதற்கான தளத்தை அமைத்தவர் ஸோனம் நோர்பு என்ற லடாக்கிய எஞ்சினீயர். பையனுக்கு இவற்றைச் சொன்னேன். “டாங்கி பனியில் வழுக்காதா, அப்பா?” என்று கேட்டான். சரித்திர ஆசிரியர்களும் தளகர்த்தர்களும் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான்.

சமையலறை விஷயத்துக்கு வருவோம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் என்று வகுப்பில் எத்தனையோ வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். லேயில் அது சுமார் 88 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதாவது பானை தளதளவென்று கொதிக்கும். உள்ளே பருப்பு பருப்பாகவே இருக்கும். பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே தமிழ்க் குடித்தனம் நடக்காது. இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே வைத்தால் இரண்டாம் நாள் மனம் இளகும். தேங்காயெண்ணெய் வருஷத்தில் பெரும்பாலும் கல்; குழந்தைகளின் தலைக்கு நல்லெண்ணெய்தான். நாங்கள் இப்படியெல்லாம் திருநெல்வேலியைப் பனிக்கு நடுவில் ஸ்தாபிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கையில், குழந்தைகள் இரண்டும் வீட்டுக்கார அம்மாளின் அடுக்களையில் உட்கார்ந்து துக்பா என்னும் கஞ்சியையும், கம்பீர் என்னும் தடித்த ரொட்டியையும், வாதுமைபோன்ற பருப்பு உள்ளே இருக்கும் உலர்ந்த சர்க்கரை பாதாமியையும் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு உடம்பு தேறியது எங்கள் இட்லியாலா, அந்தத் துக்பாவாலா என்பதில் வீட்டில் இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு.

பாஷையும் அடுக்களையிலேதான் வந்தது. லடாக்கியில் தாய் ‘அமா’, தந்தை ‘அபா’. (மொழி ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கொண்டு நூல் எழுதப் புறப்பட வேண்டாம், உலகத்துக் குழந்தைகளின் வாய் ஏறக்குறைய ஒன்றே.) மரியாதைக்காகக் கடைசியில் ‘லே’ சேர்க்க வேண்டும். தாயாரை ‘அமாலே’, பாட்டியை ‘அபிலே’, மூத்தவனை ‘அச்சோலே’ என்பார்கள். வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறுவதற்கும் ‘ஜூலே’ என்ற ஒரே சொல். எங்கள் சீமையில் உரிமைக்காகச் சொல்லும் எழுத்து அங்கே மரியாதைக்கு. மூன்று மாதத்தில் பெண் என்னை ‘அபாலே’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். டெலிபோனில் தாத்தாவையும் ‘தாத்தாலே’ என்றாள். பிறகு அவருக்கு நான் வெகு நேரம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

டிசம்பர் நடுவில் பள்ளிக்கூடங்களை மூடினால் பெரும்பாலும் பிப்ரவரி முடிந்தே திறப்பார்கள். தெற்கத்தியார் அனைவரும் மூட்டை கட்டும் காலம் அது. ஸோஜிலா முன்னெல்லாம் ஐந்தாறு மாதம் மூடிக் கிடக்கும். இப்போது எல்லைச் சாலை அமைப்பினர் பனியை வெட்டி அதை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். ஆயினும் பனி கொட்டும் நாளில் விமானமும் வராது. போவதா, இருப்பதா? முதல் வருஷம் இருந்துவிட்டோம்.

பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும் இரவுகளில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும். வாளியில் கொண்டுவந்ததே குளிக்கவும் குடிக்கவும். புகாரி என்னும் இரும்பு அடுப்பைச் சுற்றி வீடு முழுவதும் ஒரே அறைக்குள் அடங்கிவிடும். இதில் ஓர் எச்சரிக்கை: கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு கனலும் அடுப்போடு தூங்கவே கூடாது. மணமில்லாத, நிறமில்லாத நச்சுவாயு ஒன்று உறக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். படுக்கும்முன் அடுப்பை அணைப்பது எங்கள் வீட்டில் பையனின் அதிகாரமாக இருந்தது. நான் தூங்குவது போல் கிடந்து அவனைக் கவனித்துக்கொள்வேன்.

அந்தக் குளிர்காலத்தை இழந்திருந்தால் குழந்தைகள் லேயை அறிந்திருக்க மாட்டார்கள். கர்ஸூ குளம் உறைந்து, ஊர்ப் பிள்ளைகள் அதன்மேல் சறுக்குகிறார்கள். திருக்கார்த்திகை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ‘கல்தன் நம்சோத்’ என்ற பண்டிகை வருகிறது. புத்த மடங்களிலும் வீட்டுக் கூரைகளிலும் வரிசையாக விளக்கு ஏற்றுகிறார்கள். எங்கள் அகல்களைக் கழுவி வைத்துவிட்டோம் என்று தெரிந்ததும் பெண் அழுதாள். மறுபடி எடுத்து, அபிலேயின் மாடியில் வைத்தோம்.

நஷ்டமே இல்லை என்று சொல்வது பொய். பையனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க அங்கே பள்ளி கிடையாது. ஹிந்தியும் இங்கிலீஷும் படித்துவிட்டு வந்தவனை இரவில் புகாரியருகே உட்கார்த்தி, ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் அவன் தாயார் தினம் அரை மணி நேரம் போராடினாள். மாமனார் கதைப் புத்தகங்களைத் தபாலில் அனுப்பினார். குளிர்காலத்தில் அனுப்பியவை சித்திரையில் மொத்தமாக வந்து சேர்ந்தன. பையன் அவற்றை எழுத்துக்கூட்டி வாசிக்க, அபிலே தன் பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, ஒரு வார்த்தை புரியாமல், கடைசிவரை உட்கார்ந்து கேட்பாள்.