போதும் என்றால் போதும்!

நம் வீடுகளில் விருந்தாளி "போதும்" என்றால் "இன்னும் ஒரு கரண்டி" என்றுதான் அர்த்தம். இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் வந்து விழும். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள என் கணவருக்கு அந்த அன்பே வினையாகிவிடுகிறது. ஒவ்வொரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகும் பயந்து சாகிறவள் நான்தான்.

ஆகவே, பிரேசிலில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தபோது, ஸாவோ பாவ்லோ நகரில் ஒரு 'சுராஸ்காரியா'வுக்கு அவன் அழைத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். இறைச்சி வந்துகொண்டே இருக்குமாம்!

தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லின் மாடு மேய்ப்பவர்கள், கல் உப்பைத் தடவி, கம்பியில் கோத்து, தணலில் சுட்டுத் தின்ற உணவு இது. இப்போது பரிமாறுபவர் நீண்ட கம்பியோடு மேஜைக்கே வந்து, அதை நிறுத்திப் பிடித்துக் கத்தியால் மெல்லிசாகச் சீவுகிறார். சீவும் துண்டை நாம் சின்ன இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும். 'பிக்கான்யா' என்ற மாட்டிறைச்சிக்குத்தான் அங்கே மவுசு. நாங்கள் அது சாப்பிடுவதில்லை. ஆடும் கோழியும் தாராளமாக இருந்தன. சைவக்காரருக்கும் காய்கறி, சோறு, பீன்ஸ், வறுத்த மரவள்ளி மாவு எல்லாம் தனி மேஜையில் உண்டு.

ஒவ்வொருவர் முன்னும் ஒரு வட்ட அட்டை. பச்சைப் பக்கம் தெரிந்தால் கொண்டு வருவார்கள். சிவப்பைத் திருப்பினால் வரமாட்டார்கள். நாலு துண்டு முடிந்ததும் இவர் சிவப்பைத் திருப்பினார். பரிமாறுபவர் சிரித்தபடி அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

"அட, யாரும் கோபிச்சுக்கலையே!" என்றார் இவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு இரண்டு யோசனை: முதலில் காய்கறியால் பாதி வயிற்றை நிரப்புங்கள். மேல்துண்டில் உப்பு அதிகம், உள்துண்டாகக் கேளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் பாத்திரங்களை மேஜையில் வைத்துவிடுகிறேன். வருகிறவர்கள் வேண்டியதைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். என் நாத்தனார் முதலில் முகம் சுளித்தார். அவருக்கும் சர்க்கரைதான், இப்போது அவர் வீட்டிலும் இதே வழக்கம்.

அட்டை வேண்டாம் சகோதரிகளே, "போதும்" என்ற வாய்ச் சொல்லையே மதிப்போமே!