போல்ட்டைக் கழற்றினால் போதும்... ஜி.எஸ்.டி. சாலை பெற்ற பிள்ளை!

மாலை ஐந்து மணிக்கு பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். பிளாட்பாரம் முழுக்க முதுகுப் பையோடு கல்லூரிப் பிள்ளைகள். வெளியே வந்தால் ஜூஸ் கடை, டீக்கடை, பிரியாணிக் கடை. அதைத் தாண்டினால் ஓயாமல் ஓடும் ஜி.எஸ்.டி. சாலை.

இந்தச் சாலைக்கும் காருக்கும் பழைய உறவு உண்டு. தெற்கே கொஞ்ச தூரத்தில் மறைமலை நகர். 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 'ஜி.எஸ்.டி. ரோடு கார் கம்பெனி' என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு அதுதான் ஞாபகம் வரும். அவர்களுடைய தாத்தாக்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள்: 'ஸ்டாண்டர்டு மோட்டார்'.

அதைத் தேடிப் போக, பொத்தேரியிலிருந்து தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் ஏற வேண்டும். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் தாண்டினால் பெருங்களத்தூர். அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால், இறங்கிப் பார்த்தால் தொழிற்சாலை இருக்காது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் ஐ.டி. அலுவலகங்களும்தான். இங்கே ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்று சொன்னால், அங்கே குடியிருப்பவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

தொழிற்சாலை போய்விட்டது. அங்கே பிறந்த கார் மட்டும் இன்னும் சில வீடுகளின் ஷெட்டில் உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

சண்டையில் பிறந்த கார்

'ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' 1948-ல் தொடங்கப்பட்ட கம்பெனி. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு. முதலில் வேன்கார்டு, பிறகு சின்ன ஸ்டாண்டர்டு கார்கள், 1961-ல் ஹெரால்டு. பணம் இருந்தாலும் காருக்கு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நாட்டில் ஓடியவை முக்கியமாக மூன்றே வகை. கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட், நம்ம ஊர் ஹெரால்டு.

மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று ஹெரால்டில் உண்டு. அதன் காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரப் போட்டி.

1950-களில் கார் உலகம் புதுப் பாணிக்கு மாறிக்கொண்டிருந்தது. சேஸ் தனி, பாடி தனி என்ற பழைய முறையை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கூடாக வெல்டு செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த தொழிற்சாலையை, அதன் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்துதர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே போனார்கள். தனிச் சேஸ் ஒன்று. அதன் மேல் முன்பக்கம், நடுப்பகுதி, பின்பகுதி, கூரை என்று பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டினார்கள். இத்தாலியின் ஜோவான்னி மிக்கெலோட்டி வடிவம் கொடுக்க, 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' வெளியே வந்தது.

அன்றைக்கு அது ஒரு பின்னடைவு. இன்றைக்கு, வீட்டிலேயே பழைய கார் ஒன்றைப் பிரித்துப் பூட்ட ஆசைப்படுகிறவருக்கு அதுதான் வரம்.

ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன்

ஹெரால்டு ஒரு குடும்பக் கார்தான். இன்ஜின் 948 சி.சி. இன்றைய சிறிய கார்களே அதை ஓவர்டேக் செய்துவிடும். ஆனால், இதே சேஸை மாற்றி, அதே குடும்பத்து இன்ஜினை 1147 சி.சி. ஆக்கி, அதே மிக்கெலோட்டியைக் கொண்டு மேலே இரண்டு சீட் உடம்பைப் போட்டபோது 1962-ல் பிறந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை விற்ற, உலகமெங்கும் ரசிகர்கள் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்.

அதனால் ஹெரால்டை ஓட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம் ஆச்சரியப்படுவார்கள். ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். சுமார் 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். அது லண்டன் டாக்சிக்கு இணையான அளவு. அம்பாசடர் இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்கும் சந்தில் இது ஒரே வளைப்பில் வெளியே வந்துவிடும். பழைய சோழவரம் பந்தயங்களில், போர்க்கால விமான ஓடுதளத்தில், ஹெரால்டுகள் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும்விட, பானெட்! முன்பக்கத் தகரம் முழுதும், இரண்டு மட்கார்டுகளும் ஹெட்லைட்டும் சேர்ந்து, முதலை வாய் திறப்பதுபோல முன்னோக்கிச் சாயும். இன்ஜின், முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் கண்ணெதிரே. முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். குழி வெட்ட வேண்டாம், குனிந்து முதுகு ஒடிய வேண்டாம்.

ஷெட்டுக்குள் ஒரு திருமணம்

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு நல்லது உண்டு. பழைய மனைகளில் வீட்டின் பக்கவாட்டில் ஒரு கார் நிற்கவும், அதைச் சுற்றி ஆள் நடக்கவும் இடம் இருக்கும். பழைய காரைப் பிரிக்க முதல் தேவை அந்த இடம்தான். ஒரு கார் பிரிந்தால் மூன்று காரின் இடத்தைப் பிடிக்கும். சீட் மாடிப்படிக்குக் கீழே போகும், கதவுகள் சுவரோரம் சாயும், நட்டு போல்ட்டுகள் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஏறும். கல்யாண வீடு மாதிரிதான். ஆரம்பிப்பதற்கு முன் வீட்டில் எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

முதல் வேலை ஸ்பேனரை எடுப்பதல்ல, போட்டோ எடுப்பது. எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த வாஷர் எதற்குக் கீழே என்று ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து, ஒவ்வொரு பையிலும் சீட்டு எழுதிப் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் படங்கள்தான் மெக்கானிக்.

இரண்டாவது, ஸ்பேனர். இன்றைய பெட்டிகளில் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர். ஹெரால்டில் இருப்பது இன்ச் கணக்கு. அரை இன்ச் நட்டில் 13 எம்.எம். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால், நட்டின் முனை மழுங்கிவிடும். பிறகு உளியும் வெல்டிங்கும்தான்.

மூன்றாவது, துரு. கடல் காற்றும் மழையும் சேர்ந்த ஊர் இது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றதை யாரும் மறக்கவில்லை. ஹெரால்டின் சேஸிலிருந்து இரண்டு பக்கமும் கைபோல நீளும் இரும்புகள்தான் பாடியைத் தாங்குபவை. துரு முதலில் தின்பது அவற்றைத்தான். மேலே பளபளவென்று பெயிண்ட் இருக்கும். கீழே ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். பட்டி பூசி மறைத்த தகரத்தைக் காந்தம் வைத்தால் கண்டுபிடிக்கலாம். பட்டியில் காந்தம் ஒட்டாது.

பாடியைத் தூக்கும் முன் கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியை வெல்டு வைத்துவிடுவார்கள் அனுபவசாலிகள். அதைச் செய்யாமல் தூக்கினால் உடம்பு கொஞ்சம் வளையும். எல்லாம் முடிந்து மாட்டும்போது கதவு மூடாது. அந்தக் கால் இன்ச்சைச் சரிசெய்ய இன்னொரு வருடம் ஆகலாம்.

பெயிண்டுக்கும் முகூர்த்தம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பெயிண்ட் காய்வதற்குள் வெளிறிப் புகைபடிந்ததுபோல் ஆகிவிடும். மாசி, பங்குனி வெயில் வரட்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். அதனால் இன்ஜினைப் பிரித்த கையோடு கடினமான வால்வு சீட் போட்டுவிடுவது நல்லது. இப்போது பங்க்கில் வருவதோ 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது மெதுவாகக் கெடுக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் விபரீதம். ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றிய பிறகுதான் முதல் ஸ்டார்ட்.

கிரீஸ் அல்ல, ஆயில்!

ஹெரால்டில் ஒரு ரகசியம் இருக்கிறது. அதைத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

முன் சக்கரம் திரும்புவதற்கு, கீழே 'டிரனியன்' என்று பித்தளையில் ஒரு மரை உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்புத் தண்டு அந்த மரைக்குள் சுழலும். அதற்குப் போட வேண்டியது கியர் ஆயில். ஆனால், மற்ற எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்துப் பழகிய கை இங்கேயும் கிரீஸ் அடித்துவிடும். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, நாளாவட்டத்தில் கெட்டியாகும். மேல்பகுதி வழுவழுப்பாக இருக்கும், உள்ளே தண்டு காய்ந்து துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் அப்படியே மடங்கிவிடும். ஜி.எஸ்.டி. சாலையில், பின்னால் லாரி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட விஷயங்கள் அந்தக் கால மெக்கானிக்குகளின் கைவழியாக வந்தவை. ஹெரால்டை நாள்தோறும் பழுது பார்த்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். கார் கிடைத்துவிடும், கைப்பக்குவம் கிடைப்பதுதான் கஷ்டம்.

இங்கிலாந்து போன பெட்டிகள்

ஹெரால்டு பத்து வருடம் ஓடியது. இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டை நம்மவர்கள் இங்கேயே உருவாக்கினார்கள். 1972-ல் அது முகம் மாறி 'கெஸல்' ஆனது. அதுவும் 1977-ல் முடிந்தது. கடைசி முயற்சி 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000. வெளியே ரோவர் காரின் அழகான உடம்பு, உள்ளே பழைய இரண்டு லிட்டர் இன்ஜின். விலையோ அதிகம். அதற்குள் மாருதி வந்துவிட்டது. 1988-ல் தொழிற்சாலை ஓய்ந்தது.

மூடிய தொழிற்சாலைக்குள் பிரிக்கப்படாத ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிகள் வருடக்கணக்கில் கிடந்தன. 2006-ல் ஏலம் நடந்தபோது, ரோவர் பாகங்களில் பெரும்பகுதியை வாங்கிப் போனது ஓர் இங்கிலாந்து நிறுவனம். அங்கே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அவை புதையல். நமக்கு அவை காயலான் கடைச் சரக்கு.

இன்று ஹெரால்டு வைத்திருப்பவர் ஒரு ரப்பர் பீடிங்குக்காகப் புதுப்பேட்டையில் அலைவார். ஜி.பி. ரோட்டில் விசாரிப்பார். கிடைக்காவிட்டால் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பார். ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் பல பாகங்கள் பொது என்பதால், அங்கே இன்னும் புதிதாகவே செய்கிறார்கள். பெருங்களத்தூரில் பிறந்த காருக்கு மருந்து கடல் தாண்டி வருகிறது.

வெட்டலாமா, வேண்டாமா?

ஹெரால்டைக் கையில் எடுக்கும் பலருக்கும் வரும் ஆசை, கூரையைக் கழற்றி ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிவிடலாமே என்பது. போல்ட்டில் நிற்கும் கூரைதானே! அப்படித் திறந்த வண்டியாக மாறிய ஹெரால்டுகள் நாட்டில் உண்டு. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால், இப்போது ஒருமுறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் விற்பனையிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் வடிவத்திலேயே பராமரிக்கப்படும் வண்டிகளுக்குப் பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. முக்கியமான நிபந்தனை, சேஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

ஹெரால்டுகள் எல்லாமே இந்த 50 வருடக் கோட்டைத் தாண்டிவிட்டன. கெஸல்களும் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. அசலாக இருந்தால் பாரம்பரியச் சின்னம். கூரையை வெட்டி, வேறு இன்ஜின் வைத்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். தொழிற்சாலை இல்லை, வரைபடங்கள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அப்படி இருக்கும்போது, வெட்டாமல் இருக்கும் ஒவ்வொரு ஹெரால்டும் அந்தத் தொழிற்சாலையின் ஒரு பக்கம். அதைக் கிழித்துவிட்டால் திரும்ப எழுத முடியாது.

மறுபடியும் பொத்தேரி

ஸ்டாண்டர்டு தன் கடைசிக் காரை வெளியிட்ட அதே 1985-ல்தான் இங்கே எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கியது. ஒரே சாலையில் ஒரு பட்டறை அணைந்துகொண்டிருந்தபோது இன்னொன்று பற்றியிருக்கிறது.

இன்று அந்த வளாகத்து மாணவர்கள் 'கேம்பர் ரேசிங்' என்ற பெயரில் ஃபார்முலா பாணிப் பந்தயக் கார் செய்கிறார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போன்ற மாணவர் போட்டிகளுக்காக இப்படிப்பட்ட கார்கள் உருவாகின்றன. தனியாக ஒரு சட்டம், அதன் மேல் இன்ஜின், சஸ்பென்ஷன், கடைசியில் உடம்பு. எல்லாம் போல்ட் போட்டு மாட்டுவது, கழற்றுவது. கொஞ்சம் யோசித்தால், ஹெரால்டு செய்யப்பட்ட முறையும் இதுதான்.

கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்த கைகள் இந்தப் பக்கம் இருக்கின்றன. டிரனியனுக்கு கிரீஸ் போடாதே என்று சொல்லத் தெரிந்த வாய்கள் தாம்பரத்திலும் புதுப்பேட்டையிலும் இன்னும் சில இருக்கின்றன. நடுவில் இருப்பது ஒரு லோக்கல் ரயில் பயணம்தான்.

உங்கள் தெருவில், உறை போட்டு மூடிய பழைய ஹெரால்டோ கெஸலோ நின்றால், காயலான் கடைக்குப் போகும் முன் ஒருமுறை அந்த வீட்டுப் பெரியவரிடம் பேசிப் பாருங்கள். பானெட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முன் டயர் மேல் உட்கார்ந்து அவர் சொல்லத் தொடங்கினால், காபி ஆறிப்போகும் வரை நிறுத்த மாட்டார்.