மணல் எழுதிய ரேகை

என் மைத்துனர் ஒரு சுங்கான் பிரியர். வைத்தியர் கண்டித்த பிறகு புகையை விட்டுவிட்டார். சுங்கானை மட்டும் விடவில்லை. அவர் மேஜைமேல் வைத்திருக்கும் சுங்கான் வழவழப்பானதல்ல. காய்ந்த பேரீச்சம்பழத்தைப் போல மேலெல்லாம் வரி வரியாகச் சுருங்கியிருக்கும்.

"இவ்வளவு விலை கொடுத்தீர்களே, இழைத்துக்கூடத் தரவில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"இழைத்த பிறகுதான் ஐயா இப்படிச் செய்தார்கள்!" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

மத்தியதரைக் கடலோரத்தில் பிரையர் என்றொரு புதர் வளர்கிறது. அதன் வேர்க்கட்டையில் கடைந்த சுங்கானின்மேல் காற்றின் அழுத்தத்தால் மணலை வேகமாக வீசுவார்களாம். மரத்தின் வளர்ச்சி வளையங்களில் மெதுவான பாகம் தேய்ந்து போகும்; கடினமான பாகம் வயல் வரப்பைப் போல எழுந்து நிற்கும். மணல் புதிதாக எதையும் செதுக்குவதில்லை. மரத்திற்குள் மறைந்திருந்த ரேகையைத்தான் வெளியே காட்டுகிறது. மணல் வீச்சு முறைக்கு 1870-ல் அமெரிக்காவில் பேடண்டு பெற்றவர் பெஞ்சமின் டில்மன். அதைச் சுங்கானுக்குப் பயன்படுத்தி 1917-ல் பேடண்டுக்கு விண்ணப்பித்தவர் லண்டன் வியாபாரி ஆல்பிரட் டன்ஹில். அந்த ரகத்துக்கு அவர் 'ஷெல்', அதாவது சிப்பி ஓடு, என்று பெயர் வைத்தார்.

இதைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நான் உபாத்தியாயராக இருக்கும் பழவேற்காட்டுப் பக்கத்திற்கு வந்தால் போதும். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் பழைய கட்டுமரங்கள் சில கிடக்கின்றன. முன்பெல்லாம் கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவார்கள். பைபர் படகுகள் வந்த பிறகு அவற்றை அவிழ்ப்பாரும் இல்லை, கட்டுவாரும் இல்லை. காற்றடிக்கும் பக்கத்தில் அந்த மரங்களைத் தடவிப் பாருங்கள்: மைத்துனரின் சுங்கானேதான்! மறுபக்கத்தில் அவ்வளவு வரி இராது. பறக்கும் மணல் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே துள்ளிச் செல்லும். ஆகையால் வேலிக் கம்பங்களும் அடியில்தான் அதிகமாகத் தேய்ந்திருக்கின்றன. என் மாணவர்கள் மரத்தின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார்கள். எங்கள் விஞ்ஞான வகுப்பில் யாரும் தூங்காத நாள் அது ஒன்றுதான்.

காற்று வருஷக்கணக்கில் செய்கிற வேலையை யந்திரம் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. ஆனால் அந்த வேகத்தில் மணலே நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. அது நுரையீரலின் ஆழத்திற்குப் போய்த் தங்கினால் ஸிலிகோஸிஸ் என்னும் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வார்ப்பு முதலிய பொருள்களை மணல் வீசிச் சுத்தம் செய்யக்கூடாதென்று இங்கிலாந்தில் 1949-ல் விதி செய்தார்கள். நம் நாட்டிலும் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இந்நோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய வியாதிகளில் சேர்த்தது.

சென்ற வருஷம் என் மாணவன் ஒருவனின் தாயார் வந்தாள். "வாத்தியாரையா, பெரியவனுக்குப் பட்டணத்தில வேலை கிடைச்சிருக்கு. இரும்புமேல மணல் அடிக்கிற வேலையாம். சம்பளம் நல்லா இருக்கு. அனுப்பலாமா?"

வலையில் வருகிற வருமானம் எனக்குத் தெரியாததல்ல. வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? ஒரு காகிதத்தில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். வீசுவது மணலா, உலோகக் கசடா? வேலை மூடிய பெட்டிக்குள் நடக்கிறதா? சுத்தமான காற்று வரும் முகமூடி கொடுப்பார்களா? பையன் போய்க் கேட்டான். மணல்தான், திறந்த வெளியில்தான், முகத்தில் கட்டிக்கொள்ளத் துண்டு தருவோம் என்றார்களாம். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான்.

அந்தச் சம்பளத்தைக் கணக்கிட்டு அந்த அம்மாள் இன்னும் எனக்குச் சொல்லிக் காட்டுகிறாள். அவள் கணக்கில் தப்பில்லை. பையன் இப்போது பைபர் படகு பழுது பார்க்கும் வேலைக்கு விசாரிக்கிறான். அங்கே தேய்க்கும்போது பறக்கிற தூசியைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கேட்டு வரவேண்டும்.