இரண்டு கூட்டல் குறி

கொழும்பில் கடலைப் பார்த்தபடி மேசை போடும் பெரிய உணவகங்களின் மெனுவில், விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று பத்து வீத சேர்விஸ் சார்ஜ். மற்றது அரசாங்கத்தின் வரி. வற் மட்டுமே 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அதுவும் சேர்விஸ் சார்ஜைக் கூட்டி வந்த தொகைக்கு மேல். விஷயம் தெரிஞ்சவங்க மெனுவைப் பார்க்கும்போதே மனசுக்குள்ள முப்பது வீதத்தைக் கூட்டிக்கொள்வாங்க. தெரியாதவங்க பில்லைப் பார்த்துக் கூட்டுவாங்க. நாங்கள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து புறப்படும்போதே கூட்டிக்கொண்டுதான் போனோம்.

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் ஏ26 பாதையில், தெல்தெனிய தாண்டி மேலே ஏறினால் வருவது எங்கள் டவுன். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது மீமுரேக்குத் திரும்பும் சந்தி, வேன் நிறுத்தி டீ குடிக்கும் இடம். அங்கிருந்து நாலு பேர், மாதம் ஆளுக்கு இரண்டாயிரம் என்று ஐந்து மாதம் சீட்டுக் கட்டி, 2025 ஒகஸ்டில் ஒரு சனிக்கிழமை கொழும்புக்கு இறங்கினோம். காரணம் பெரிசா ஒன்னுமில்லை. எங்களில் ஒருத்திக்கு முதல் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. கண்டியில் பிரியாணி தின்று கொண்டாடியிருக்கலாம். ஆனால் அவளுக்கு நண்டு வேணுமாம், அதுவும் கடலைப் பார்த்துக்கொண்டு.

மலையில் பிறந்தவர்களுக்குக் கடல் வேறு மாதிரித்தான் வந்து சேரும். எங்களுக்கு அது காய்ந்து வந்தது. கடையில் சாக்கோடு நிற்கும் நெத்தலி, கட்டாக் கருவாடு, மாசி, சம்பள நாளைக்கு ஒரு டின் மீன். பச்சை மீன் என்றால் ஐஸ் பெட்டி கட்டின மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். வந்து சேரும்போது ஐஸ் தண்ணீராகியிருக்கும். நண்டு என்றால் ஆத்து நண்டு. ஓடையில் கல்லைப் புரட்டிப் பிடித்து, இடித்து, மிளகு போட்டு ரசம் வைப்பார்கள். அது சாப்பாடு இல்லை, சளிக்கு மருந்து. இலங்கையில் ஐம்பதுக்கு மேற்பட்ட நன்னீர் நண்டு வகைகள் இருப்பதும், அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை என்பதும், எங்கள் தலைக்கு மேலே இருக்கும் நக்கிள்ஸ் மலை 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது பற்றி வாசிக்கப்போய்த்தான் தெரிய வந்தது. அப்போ நாங்கள் சளிக்குக் குடித்தது எந்த வகையோ!

கொழும்பில் நண்டுக்குப் பேர்போன கடை எதுவென்று கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப். கோட்டையில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில், சமையல் வல்லுநர் தர்ஷன் முனிதாசவும் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து 2011 டிசம்பரில் தொடங்கியது. அங்கே நண்டு அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை அளவு பார்த்து விற்கப்படுகிறது. எங்கள் களப்புகளில் பிடிபடும் சேற்று நண்டில் நல்லது எல்லாம் உயிரோடு சிங்கப்பூருக்குப் போய்விடும். அங்கே ‘ஸ்ரீ லங்கன் க்ராப்’ என்றாலே ஒரு தனி மரியாதை. ஊர்க்காரனுக்கு மிச்சம்தான். அதை மாற்றி, ஏற்றுமதித் தர நண்டை இங்கேயே தின்னக் கொடுப்பது என்பதுதான் அந்தக் கடையின் கதை.

நல்ல கதை. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டது போல இருக்கும். நாட்டில் விளையும் தேயிலையில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் வெளியே போகிறது. லயத்து அடுப்பில் கொதிப்பது தூளிலும் கடைசித் தூள். நண்டு விஷயத்தில் நடந்த மாற்றம் என்னவென்றால், வெளியே போனது உள்ளே திரும்பி வந்தது, வெளிநாட்டு விலையோடு. கொழும்புக்காரர்கள் அதில் பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் களப்பில் இறங்கி அந்த நண்டைப் பிடித்தவர் குடும்பத்தோடு வந்து அந்த மேசையில் உட்காருவாரா என்று நாங்கள் பஸ்ஸிலேயே ஒரு விவாதம் நடத்தி முடித்திருந்தோம்.

நாங்கள் போனது அந்தக் கடைக்கு இல்லை. அங்கிருந்து கடல் தெரியாது, எங்கள் ஆளுக்குக் கடல் முக்கியம். போன இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அலைச் சத்தம் காலடியில் கேட்கும், வெள்ளை மேசைத்துணி, மெழுகுவர்த்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக் கடற்கரையில் இந்த மாதிரி உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. கல்கிசையில் ஆளுநர் மெயிற்லண்ட் தனக்கு வீடு கட்டத் தொடங்கியது 1806இல். இன்று அது ஹோட்டல். கால் ஃபேஸ் ஹோட்டல் 1864இல் வந்தது. 1864 என்பது மலையில் கோப்பிக் காலம். எங்கள் பாட்டன் பூட்டன்களும் அந்தக் காலத்தில்தான் கடலைப் பார்த்தார்கள். மன்னார்ப் பக்கம் தோணியில் வந்து இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, மலையேறினார்கள். அதற்குப் பிறகு பலருக்கு வாழ்நாளில் கடல் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பாட்டி கடைசிவரை கடல் என்றால் விக்டோரியா நீர்த்தேக்கம் மாதிரி, கொஞ்சம் பெரிசு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

மேசையில் உட்கார்ந்ததும் பிரச்சினை நண்டில்லை, பாஷைதான். எந்த மொழியில் ஓடர் கொடுப்பது? வந்தவர் ஆங்கிலத்தில் வரவேற்றார். எங்களில் ஒருவன் சிங்களத்தில் பதில் சொன்னான். அவரும் சிங்களத்துக்கு மாறினார். பிறகு நாங்கள் எங்களுக்குள், இரண்டு நண்டா ஒன்றா, அளவு என்ன, பாண் எத்தனை என்று மெதுவாகத் தமிழில் குசுகுசுத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் ஊற்றக் குனிந்தவர் எங்களை விட மெதுவாகச் சொன்னார்:

“ரெண்டு வேணாங்க. இந்த சைஸ் ஒன்னே நாலு பேருக்குக் காணும்.”

நிமிர்ந்து பார்த்தோம். சட்டையில் குத்தியிருந்த பட்டியில் அவர் பெயரின் முதல் பாதி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பாதியை வைத்து யாரும் அவரை எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

“எந்தத் தோட்டம் நீங்க?” என்றார்.

இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு கடைக்காரரோ, வீடு வாடகைக்குக் கொடுக்கிறவரோ “தோட்டமா?” என்று கேட்டால் அது ஒரு கேள்வி. முகத்தைப் பார்த்து விலை போடும் கேள்வி. எங்களில் இரண்டு பேர் கொழும்பில் படித்த காலத்தில் அதற்குக் “கண்டி” என்று பதில் சொல்லியே பழகியவர்கள். ஆனால் மலையிலிருந்து வந்த ஒருத்தர் மலையிலிருந்து வந்த இன்னொருத்தரைக் கேட்கும் “எந்தத் தோட்டம்?” வேறு. அதற்குப் பின்னால் அத்தை வீடு இருக்கிறதா, கோயில் திருவிழாவுக்கு வந்திருக்கிறோமா என்று ஒரு பெரிய தேடல் இருக்கும். ஐந்து நிமிஷத்தில் அவர் ராகலைப் பக்கம் என்பதும், அவருடைய சித்தி தெல்தெனியப் பக்கம் கட்டிக்கொடுத்தவர் என்பதும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு அண்ணன்.

நண்டு வந்தது. மிளகுக் குழம்பில், தட்டு நிறைய. கழுத்தில் கட்ட ஒரு துணி, ஓட்டை உடைக்க இடுக்கி. நல்லா இருந்துச்சு. அதில் பொய் சொல்லப்போவதில்லை. கொடுக்கின் சதை வெள்ளையாக, முழுசாக, இனிப்பாக வந்தது. மிளகு எங்கள் பக்கத்து மிளகாகக்கூட இருக்கலாம், கண்டியிலும் மாத்தளையிலும் வேலியோரம் கொடியேறி விளைவதுதானே. முதல் பத்து நிமிஷம் இடுக்கியோடு மரியாதையாகப் போராடினோம். பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து, “கையால சாப்பிடுங்க, வெள்ளைக்காரனே கையாலதான் சாப்பிடுறான்” என்றார். பூண்டு போட்ட இறால் சுமார்தான். அதைவிட காலிமுகத்திடலில் தள்ளுவண்டியில் விற்கும் இறால் வடை எவ்வளவோ மேல்.

கடைசியில் தேநீர். ஒரு கப் 900 ரூபா. பீங்கான் குவளையோடு சின்ன அட்டை ஒன்று வந்தது. உயரமான மலைகளின் குளிர், பனி, மென்மையான கைகள் என்று அதில் எழுதியிருந்தது. மென்மையான கைகளாம்! எங்களில் ஒருத்தி தன் அம்மாவின் உள்ளங்கையை நினைத்து அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு கப்புக்கு இரண்டு கிராம் தூள் போதும். ஒரு கிலோவில் 500 கப்.

கூட்டம் குறைந்த நேரம், அண்ணன் நின்று பேசினார். சேர்விஸ் சார்ஜ் பற்றிக் கேட்டோம். அது யாருக்குப் போகுது?

“எங்களுக்குத்தான். மாசக் கடைசியில எல்லாத்தையும் ஒன்னாக் கூட்டி, பொயின்ட் கணக்குல பிரிப்பாங்க. பழைய ஆளுக்குப் பொயின்ட் கூட. சீசன் நல்லா இருந்தா அது அடிப்படைச் சம்பளத்த விடக் கூடவா வரும். அத நம்பித்தான் எல்லாரும் நிக்கிறோம்.”

சீசன் இல்லாவிட்டால்? அவர் விரல் விட்டு எண்ணினார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி மூன்று ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது காலைச் சாப்பாட்டு நேரத்தில். செத்தவர்களில் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அதன்பிறகு மேசைகள் காலி, அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ராகலைக்குப் போனார். திரும்பி வந்தார். 2020இல் கொரோனா, மறுபடி ஊர். 2022இல் பெற்றோல் இல்லை, கேஸ் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை, மறுபடி ஊர். ஊருக்குப் போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். “கவ்வாத்து வெட்டினேன்” என்றார். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் வேலை. வாழ்க்கை முழுக்க எந்த வேலைக்குப் போகக் கூடாது என்று அவரை அவருடைய அப்பா கொழும்புக்கு அனுப்பினாரோ அந்த வேலை.

அங்கேதான் எங்களில் ஒருவன் தன் தம்பியைப் பற்றிச் சொன்னான். ஓ.எல். எழுதிவிட்டு, ஏ.எல். வேணாம், ஹோட்டலுக்குப் போறேன் என்று நிற்கிறான். வீட்டில் தினமும் சண்டை. ஊரிலிருந்து போன பையன் ஒருவன் புது ஃபோனோடு வந்ததைப் பார்த்ததிலிருந்து இந்தப் பேச்சு. நாங்கள் நாலு பேருமே அவனைப் படிடா என்று திட்டியிருக்கிறோம். அண்ணன் திட்டவில்லை.

“வரட்டும். ஆனா சும்மா வர வேணாம். நான் சும்மா வந்தவன். ஏழு வருஷம் பின்னால தட்டுக் கழுவினேன். என்கூட வந்த சிங்களப் பையன் கோர்ஸ் முடிச்சிட்டு வந்தான், ரெண்டு வருஷத்துல சுப்பர்வைசர். அவன் கெட்டிக்காரன்னு இல்ல தம்பி. அவன்கிட்ட பேப்பர் இருந்துச்சு.”

அதற்குள் பில் வந்துவிட்டது. நண்டு 14,500. இறால் 5,200. பாணும் சோறும் 2,400. தண்ணீர் 1,000. தேநீர் நாலு கப் 3,600. மொத்தம் 26,700. சேர்விஸ் சார்ஜ் 2,670. அதற்கு மேல் வற். கடைசியில் 34,656 ரூபா 60 சதம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு ‘பேர்’ என்று சொல்வோம். நிறுவைக்குக் கொழுந்து காணாவிட்டால் அரைப் பேர். 2024 செப்டெம்பரில் ஒரு பேரின் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதை ஆயிரமாக்கவே 2021 வரை எத்தனை வருஷம் தெருவில் நின்றோம் என்பது இதை வாசிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் எங்கள் மேசை இருபத்தைந்து பேரைத் தாண்டியது. ஒருத்தர் ஒரு மாசத்தில் ஒரு நாள்கூட விடாமல் பெரட்டுக்குப் போனால் கிடைக்கும் பேர் அவ்வளவுதான். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே அப்போது 27,000. அந்த இரண்டு கூட்டல் குறி மட்டும் ஏறக்குறைய ஆறு பேர்.

இப்படிக் கணக்குப் பார்த்தால் சாப்பிட முடியாது என்று எங்களில் ஒருவன் கோபப்பட்டான். சீட்டுக் கட்டின காசு எங்கள் காசு, நாங்க சந்தோஷமா இருக்கக்கூடாதா என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. தோட்டத்துப் பிள்ளை எதைத் தின்றாலும் அம்மாவின் கொழுந்துக் கூடையை எடுத்து மேசையில் வைத்துத்தான் தின்ன வேண்டும் என்று சட்டமா? அந்தச் சண்டை கோட்டையில் ரயிலேறும் வரை முடியவில்லை, கண்டி வரை முடியவில்லை, இதை எழுதும்போதும் பக்கத்திலிருந்து ஒருத்தி இந்தப் பந்தியை வெட்டு என்கிறாள்.

ஒரே ஒரு விஷயத்தில் நாலு பேரும் ஒன்று. சேர்விஸ் சார்ஜ் 2,670 ரூபாவை மட்டும் யாரும் அதிகம் என்று சொல்லவில்லை.

பில்லை எங்களிடம் கொடுப்பதற்கு முன் அண்ணன் அதைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்த பேனாவால் ஏதோ எழுதினார். இப்போது அது தம்பியின் மேசைக்கு மேலே, ஏ.எல். புத்தகங்களுக்கு நடுவில், எழுதின பக்கம் தெரியும்படி சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் இருப்பது மூன்று வரி. கண்டியில் ஹோட்டல் ஸ்கூல் இருக்கு, போய் விசாரி. என்.வி.கியூ. 4 எடுக்காம வராத. இங்கிலிஸ் பேசப் பழகு.