கம்பம் ஊன்ற ஆளில்லாத மாசி

இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் துரை பங்களா மேட்டில்தான் இருக்கும். கீழே ஸ்டோர், அதற்கும் கீழே ஓடையோரம் லயங்கள். 1869இல் கோப்பியில் நோய் விழுந்து, பிறகு தேயிலை வந்து, மலையே மாறியபோதும் இந்த மேல்கீழ் மாறவில்லை. பங்களாப் பாதையில் துரை எதிர்ப்பட்டால் எங்கள் தாத்தா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்பார். அந்தக் காட்சியை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முதலில் பசி வந்தது. 1973இல் கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள், கோதுமை மாவும் தட்டுப்பட்டது. கிராமத்தாருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வயலோ பலா மரமோ இருந்தது. எங்களுக்கு இருந்ததெல்லாம் லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி. ரொட்டி தட்ட மா இல்லாமல் அம்மா காட்டுக் கீரையும் கிழங்கும் அவித்துத் தந்தாள். வெறும் வயிற்றோடு மலை ஏறியவர்களுக்குக் கொழுந்து நிறை சேரவில்லை. அரை நாள் பேர்தான் விழுந்தது, அரைச் சம்பளத்துக்கு அரை வயிறு. 1974இல் நாட்டிலேயே தோட்டங்களில்தான் சாவு அதிகம் கூடியது. எங்கள் தொங்க லயத்தில் கிழவர்களும் கைக்குழந்தைகளும் போனார்கள். பசியால் செத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. காய்ச்சல் என்றும் வயிற்றோட்டம் என்றும் சொன்னார்கள்.

1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் துரை பங்களாச் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். இனி நம் காலம் என்று சித்தப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். புது ஆட்கள் பங்களாவில் குடியேறினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு அதே நேரத்துக்கு நடந்தது, லயக் கூரைத் தகரம் அதே இடத்தில் ஒழுகியது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே காம்பராவில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்த குடும்பங்களை நான் அறிவேன். தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போவார்கள். அங்கிருந்து சிலருக்கு நீலகிரியில், அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம்.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால் பௌர்ணமி வரை இரவெல்லாம் தப்புச் சத்தம். ரதிக்கும் மன்மதனுக்கும் வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். எங்கள் ரதி கவ்வாத்து வெட்டுகிற ஆள். முரட்டுக் கை. வேஷம் கட்டி, எரிந்துபோன மன்மதனுக்காக அவர் ஒப்பாரி எடுத்தால் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். பாட்டெல்லாம் கூத்து வாத்தியாரின் நெஞ்சில் இருந்தது. ஏட்டில் பாதிகூட இல்லை. முதலில் வாத்தியார் போனார். அடுத்த கோச்சியில் தப்படிக்கிறவர் ஒருவர் குடும்பத்தோடு போனார். ரதிக்கும் பாஸ்போர்ட் வந்தது. அந்த மாசியில் எங்கள் தோட்டத்தில் கம்பம் ஊன்றவில்லை. ஆள் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்குக் கூத்தைப் பாதியாக்க முடியாது என்பது தெரியவில்லை. இன்றைக்கும் என்னால் அந்த ஒப்பந்தத்தை மன்னிக்க முடியவில்லை. இரண்டு அரசுகளில் ஒன்றாவது எங்களை உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம்.

பிறகு 1977. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. பசிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தலை குனிந்த சனம் இதற்குக் குனியவில்லை. காணி அளக்க வந்தவர்களை மறித்தார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னுக்கு நின்றார்கள். மே 11ஆம் தேதி பத்தனைக்குப் பக்கத்தில் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் விழுந்தார். செய்தி மலைக்கு மலை கூவிக்கூவித்தான் எங்களுக்கு வந்தது. சித்தப்பா கவ்வாத்துக் கத்தியை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு நடந்தார். அவர் பின்னால் லயமே நடந்தது. யாரும் கூப்பிடவும் இல்லை, யார் தடுத்தும் நிற்கவில்லை. தாத்தா வரமுடியாத வயது. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காணிப் பிரிப்பு நின்றது. ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. அதில் அடிபட்ட பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறப் போனார்கள். எங்கள் சித்தப்பாவும் போனார். நாங்கள் இங்கேயே இருந்தோம். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 1988இலும் 2003இலும் சட்டம் வந்தது. பழைய லயக் காம்பராவுக்கு இன்னும் உறுதி எழுதித் தரவில்லை. சிவனு லெட்சுமணன் செத்தது காணிக்காக. அதை ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.